எதிர்வீட்டு சிக்னல்

மகிழினி எதிர்வீட்டை ‘நம்ம வூடு’ என்றும், சொந்த வீட்டை ‘அப்பா வூடு’ என்றும் எப்போதிலிருந்து சொல்ல ஆரம்பித்தாள் என்று குணசேகரனுக்குத் தெரியாது. காதில் விழுந்த அன்று அவனுக்குச் சோறு இறங்கவில்லை.

அவளுக்கு ஆறு வயது. எதிர்வீடு அவளுடைய தாய்மாமன் செங்குட்டுவனுடையது. நடுவில் ஓர் ஆட்டோ நுழைகிற அளவுக்குச் சந்து. குணசேகரனின் மனைவி மதி போன கார்த்திகையில் காய்ச்சல் என்று படுத்தாள். எழுந்திருக்கவில்லை. அதற்குப் பிறகு, பள்ளிக்கூடம் விட்டதும் பிள்ளை மாமா வீட்டில் இருக்கட்டும், குணசேகரன் மணலி கன்டெய்னர் யார்டில் வேலை முடிந்து வந்து கூட்டிக்கொள்ளட்டும் என்று பேச்சானது. முதலில் கூப்பிட்டதும் வந்தாள். பிறகு சாப்பிட்டுவிட்டு வந்தாள். பிறகு தூங்கிவிட்ட பிள்ளையை எழுப்புவானேன் என்று விட்டுவிட்டு வந்தான். இப்போது அவளுடைய பாய், தலையணை, பல் துலக்கும் பிரஷ் எல்லாம் சந்துக்கு அந்தப் பக்கம் போய்விட்டன. மழையில் நனைந்த பள்ளிக்கூட ஷூ மட்டும் இந்தப் பக்கம் காய்ந்துகொண்டிருந்தது.

அவள் எதற்காக அங்கே போகிறாள் என்று அவனுக்குத் தெரியும். நெட்டுக்காக.

செங்குட்டுவன் திருவொற்றியூர் தேரடிப் பக்கம் செல்போன் ரீசார்ஜ் கடை வைத்திருந்தான். எர்ணாவூரில் அந்தச் சந்திலேயே முதலில் பிராட்பேண்ட் இழுத்தவன் அவன்தான். ஒயர் இல்லாமல் வீடு முழுக்க நெட் வருகிற பெட்டி. இரண்டு கொம்பு வைத்த வெள்ளைப் பெட்டி. மாலையானால் மகிழினி மாமன் மடியில் உட்கார்ந்து கம்ப்யூட்டரில் பூனை கார்ட்டூன் பார்ப்பாள். படம் நடுவில் நின்று சக்கரம் சுற்றும்போது இரண்டு பேரும் சேர்ந்து, “சுத்து, சுத்து, சுத்து” என்று கத்துவார்கள். அந்தக் கத்தல் சந்தைத் தாண்டி வரும். குணசேகரன் கேட்டுக்கொண்டே குழம்பைச் சூடு பண்ணுவான்.

தீபாவளி அன்றுதான் அவனுக்கு வயிறு நன்றாகவே எரிந்தது. சாவு விழுந்த வீட்டில் வருஷம் திரும்பும்வரை பண்டிகை கிடையாது. பிள்ளைக்கு என்ன தெரியும்? மாமா வீட்டில் பட்டுப்பாவாடை கட்டிக்கொண்டு மத்தாப்பு கொளுத்தினாள். பயப்படாமல் இருக்க மாமன் அவள் மணிக்கட்டைப் பிடித்திருந்தான். குணசேகரன் ஜன்னல் கம்பிக்குப் பின்னால் நின்று அந்தக் கையையே பார்த்தான். பக்கத்து வீட்டுக்காரர் நல்ல மனதோடு சொல்லிவிட்டுப் போனார்: “தாய்மாமன்னா இப்டி இருக்கணும் நைனா. அப்பன் இல்லாத கொறையே தெரியல புள்ளைக்கி.”

அவன் உயிரோடுதான் நின்றுகொண்டிருந்தான்.

அடுத்த வாரம் ஆபீசில் கழித்துப் போட்ட லேப்டாப் ஒன்றைக் கேட்டு வாங்கினான். வாசற்படியில் உட்கார்ந்து திறந்தால் எதிர்வீட்டு சிக்னல் ஒரே ஒரு கோடு காட்டியது. பாஸ்வேர்ட் வேண்டும். மகிழினியை மெதுவாகக் கேட்டான்.

அவள் அவன் காதோடு வாயை வைத்தாள். “யார்கிட்டயும் சொல்லக்கூடாதுன்னு மாமா சத்தியம் வாங்கிகினாரு. அதனால மெதுவா சொல்றேன். எம் பேருதான்பா.”

அடித்தான். திறந்தது. மதியும் அவனும் ஒரு மாதம் சண்டை போட்டுத் தேர்ந்தெடுத்த பேர். இன்னொருத்தன் வீட்டுக்கு அது சாவியாகத் தொங்குகிறது. ஆனால் படியைத் தாண்டி வீட்டுக்குள் ஓரடி வைத்ததும் அந்த ஒரு கோடும் போய்விட்டது.

பர்மா பஜாரில் கமாலுதீன் என்கிற கடைக்காரர் அதற்கு வழி சொன்னார். உள்ளங்கை அளவு கறுப்புப் பெட்டி ஒன்றை எடுத்து வைத்தார்.

“ரிப்பீட்டர் தம்பி. சிங்கப்பூர் சரக்கு. அங்கேர்ந்து வர்ற சிக்னல இது வாங்கி, ஒங்க வூட்டுக்குள்ள திருப்பி உட்ரும்.”

“பாஸ்வேர்ட் எங்க போடறது?”

“எதுவும் போட வாணாம். அந்தப் பெட்டில ஒரு பொத்தான் இருக்கும். அத அமுக்கணும். ரெண்டு நிமிசத்துக்குள்ள இந்தப் பெட்டி பொத்தான அமுக்கணும். பொண்ணு பாக்கற கணக்குதான். ரெண்டு பக்கமும் தலையாட்டணும். ஒரு பக்கம் மட்டும் ஆட்டிகினு இருந்தா நிச்சயம் ஆவாது. செவப்பு மினுக்குனா தேடுதுன்னு அர்த்தம். பச்சை நின்னு எரிஞ்சா சேந்துகிச்சுன்னு அர்த்தம்.”

செங்குட்டுவனிடம் கேட்டால் ஒரு நிமிஷத்தில் செய்து கொடுத்துவிடுவான். அதுதான் கஷ்டம். கேட்கக்கூடாது என்று குணசேகரன் முடிவு செய்திருந்தான். தன் பிள்ளையைத் தன் வீட்டில் உட்கார வைப்பதற்கு அவனிடம் போய் நிற்பதா?

ஞாயிற்றுக்கிழமை மதியம். சந்தில் ஆள் நடமாட்டம் இல்லை. ஜன்னலோரப் பிளக்கில் பெட்டியைச் செருகினான். சிவப்பு மினுக்கியது. மகிழினி கன்னத்தில் கை வைத்துக்கொண்டு அதன் முன்னால் உட்கார்ந்தாள்.

“இதுல பூனை வருமா?”

“வரும். மாமா என்ன பண்றாரு?”

“தூங்கறாரு. வாயத் தொறந்துகினு.”

“அந்த வெள்ளைப் பெட்டி மேல வட்டமா ஒரு பொத்தான் இருக்கும். நீ போய் அத ஒரு தடவ அமுக்கிட்டு ஓடியா. யார்கிட்டயும் சொல்ல வேணாம்.”

ஓடினாள். ஓடி வந்தாள். அவன் இந்தப் பொத்தானை அமுக்கினான். சிவப்பு மினுக்கிக்கொண்டே இருந்தது.

“அமுக்குனியா?”

“அமுக்குனேன்.”

பிளக்கைப் பிடுங்கி மறுபடி செருகினான். பெட்டியை ஜன்னல் கம்பிக்கு வெளியே நீட்டிப் பிடித்தான். பிள்ளையை மறுபடி அனுப்பினான். சிவப்பு. பெட்டிக்கு அடியில் ஒரு துளை இருந்தது. குண்டூசியை விட்டுக் குத்தி, பெட்டி செத்து உயிர்த்து வரும்வரை காத்திருந்து, மூன்றாம் முறை அனுப்பினான். இந்த முறை அவள் நடந்துதான் வந்தாள். கையில் தீபாவளி முறுக்கு.

“யாரு குடுத்தா?”

“அத்தை.”

“மாமா?”

“முழிச்சிகினாரு. இன்னாடி பெட்டியப் போட்டு நோண்டிகினு கீறன்னு கேட்டாரு.”

“நீ என்ன சொன்ன?”

“அப்பா சொல்ல வாணாம்னு சொன்னாருன்னு சொல்ட்டேன்.”

குணசேகரன் பெட்டியைப் பார்த்தான். மினுக்கியது. இப்போது அவனுக்கு எல்லாம் விளங்கிவிட்டது போல இருந்தது. பெட்டி நல்ல பெட்டி. பொத்தான் நல்ல பொத்தான். செங்குட்டுவன்தான் ஏதோ பூட்டுப் போட்டு வைத்திருக்கிறான். வேறு எந்தப் பெட்டியும் சேரக்கூடாது என்று உள்ளே ஏதாவது பண்ணியிருப்பான். செல்போன் கடைக்காரனுக்கு அது தெரியாதா? பிள்ளை எங்கே போய்விடுமோ என்று முன்கூட்டியே வேலி போட்டிருக்கிறான்.

“மாமா!” எதிர்வீட்டு வாசலில் செங்குட்டுவன் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு நின்றான். பனியனில் தலையணைச் சுருக்கம். “இன்னா மேட்டரு மாமா? புள்ள மூணுவாட்டி வந்து எம் பொட்டிய குத்திட்டுப் போவுது.”

பதிலுக்குக் காத்திராமல் சந்தைத் தாண்டி உள்ளே வந்தான். கறுப்புப் பெட்டியைப் பார்த்தான். லேப்டாப்பைப் பார்த்தான். புரிந்ததும் சிரித்தான்.

“ரிப்பீட்டரா! சொல்லிர்ந்தா நானே தோஸ்துகிட்ட சொல்லி நல்ல பீஸா வாங்கியாந்து குட்த்துருப்பேனே.”

“அதனாலதான் சொல்லல.”

சிரிப்பு நின்றது.

“நீ ஏதாவது பூட்டுப் போட்டிருக்கியா செங்குட்டுவா?”

“பூட்டா?”

“வேற பெட்டி சேரக்கூடாதுன்னு.”

“மாமா, பாஸ்வேர்டே ஒம் பொண்ணு பேரு. இந்தச் சந்துல பாதிப் பேரு அத்த அட்ச்சு நெட் பாக்கறான். நான் போயி உன்னிய தட்த்துகினு இருப்பேனா?” லேப்டாப்பை மறுபடி பார்த்தான். குரல் இறங்கியது. “பாப்பா அங்க வரக்கூடாதுன்னுதான இதெல்லாம்?”

குணசேகரன் பிளக்கைச் சரிபார்ப்பது போலக் குனிந்தான். மகிழினி முறுக்கைக் கடிக்கும் சத்தம் கேட்டது.

“சரி வா,” என்றான் செங்குட்டுவன். “பூட்டு கீதா இல்லியான்னு ஒங் கண்ணால பாத்துக்க.”

எதிர்வீட்டுக்குள் குணசேகரன் போய் நாளாகிவிட்டது. வாசலோடு நின்று பிள்ளையைக் கூப்பிட்டுவிட்டுத் திரும்பிவிடுவான். கம்ப்யூட்டர் மேஜைக்கு மேலே, அலமாரித் தட்டில், வெள்ளைப் பெட்டி மல்லாந்து கிடந்தது. அதன்மேல் மூன்று சந்தனப் பொட்டு, ஒவ்வொன்றின் நடுவிலும் குங்குமம். ஆயுத பூஜைக்கு வைத்தது. காய்ந்து வெடித்திருந்தது. கம்ப்யூட்டருக்கும் இருந்தது. மின்விசிறி ரெகுலேட்டருக்கும், கிரைண்டருக்கும், மகிழினியின் மூன்று சக்கர சைக்கிளுக்கும்கூட இருந்தது. அந்த சைக்கிளை வாங்கியவன் குணசேகரன். அவன் வீட்டில் அந்த நாளன்று எதற்கும் பொட்டு வைக்கவில்லை.

“ஆயுத பூஜை ஜோரா நடந்திருக்கு போல,” என்றான். நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. “செத்து ஒரு வருஷம்கூட ஆகல.”

சமையலறை வாசலில் நின்ற செங்குட்டுவனின் மனைவி தேன்மொழி தலையைக் குனிந்துகொண்டாள்.

செங்குட்டுவன் பெட்டியைக் கையில் எடுத்து, அதைப் பார்த்தபடியே பேசினான்.

“உனக்கு ஒரு வருசம் குட்த்தாங்க மாமா. எனக்கு மூணு நாளு. கட்டிக்குட்த்த பொண்ணு, அவ்ளோதான் தீட்டுன்னு பெரியவங்க சொல்லி மூணாம் நாளே தல முழுவ வச்சிட்டாங்க. நாலாம் நாளு கடைய தொறந்தேன். மொத ஆளு வந்தான். அம்பது ரூவாக்கி டாப்-அப் போடுன்னான். போட்டேன். பொங்கல் வந்துச்சு, பொங்க வச்சோம். யாரும் என்னிய ஒரு வார்த்த கேக்கல. துக்கம் கேக்க வர்றவன்லாம் உன் வூட்டுக்குத்தான் வந்தான். நான் இங்க ஜன்னலாண்ட நின்னு பாத்துகினு இருந்தேன்.”

எந்த ஜன்னல் என்று குணசேகரனுக்குத் தெரிந்தது. அவன் ஜன்னலுக்கு நேர் எதிர் ஜன்னல்.

“தேனுகிட்ட அக்காவப் பத்தி பேசுனா எனக்கு அழுவ வந்துரும். பாப்பாகிட்ட சொன்னா கத மாரி போயிடுது. அதான் சொல்லிகினு கீறேன்.” பெட்டியை நீட்டினான். “அமுக்கு. நீயே அமுக்கு. பூட்டு இல்ல.”

குணசேகரன் கட்டை விரலை வைத்தான். மூன்று பொட்டில் நடுப்பொட்டு சரியாகப் பொத்தான்மேல் இருந்தது. அழுத்தினான். அழுந்தவில்லை. சந்தனம் சுற்றுவட்டத்துக்குள் இறங்கி, சிமென்ட் பூசின மாதிரி இறுகியிருந்தது. பிள்ளை மூன்று முறை ஓடிவந்து குத்தினது பொத்தானை இல்லை, பொட்டை.

“யாரு இங்க போய் பொட்டு வச்சது?”

“நாந்தான்!” என்றாள் மகிழினி. பெருமைதான், குற்றம் எதுவும் அவள் முகத்தில் இல்லை. “அம்மா அங்கதான் வைப்பா. மாமா, அந்த டார்ச் லைட்டு கத சொல்லு.”

“அப்பாக்கு வேல கீது பாப்பா.”

“நான் சொல்றேன். தாத்தா பேசின் பிரிட்ஜ் யார்டுல வேல செஞ்சாரா, ராத்திரி டூட்டியா, டார்ச் லைட்டு வச்சிருந்தாரா. அம்மா சின்னப் பொண்ணா? ஆயுத பூஜைக்கு டார்ச் லைட்டு பொத்தான் மேலயே பொட்டு வச்சிட்டா. தாத்தா இருட்டுல ரயில் பெட்டிக்கு அடில குனிஞ்சு அமுக்கறாரு, அமுக்கறாரு, எரியவே இல்ல!”

“அப்பால வூட்டுக்கு வந்து கத்துனாரு,” என்றான் செங்குட்டுவன், தன்னை அறியாமல் கதைக்குள் வந்து.

“அதுக்கு அம்மா இன்னா சொன்னா? நான், நான் சொல்றேன். ‘கை படற எடந்தான் அதுக்கு நெத்தி. வேற எங்க வைக்கறது?’ன்னு சொன்னா!”

மாமனும் மருமகளும் சேர்ந்து சிரித்தார்கள். தேன்மொழியும் சிரித்தாள். இவர்கள் இதைப் பலமுறை சொல்லிச் சிரித்திருக்கிறார்கள் என்று தெரிந்தது.

குணசேகரனுக்கு டார்ச் லைட் கதை புதிது. அந்தக் கடைசி வரி மட்டும் புதிதில்லை. கல்யாணமான முதல் வருஷம், இதே வார்த்தைகளை மதி அவனிடம் சொல்லியிருக்கிறாள். அவனுக்காக, அந்த நிமிஷத்தில், அவள் வாயில் வந்தது என்று இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தான். அப்பனுக்குச் சொன்னதை எடுத்து அவனுக்கும் சொல்லியிருக்கிறாள். செத்தவளிடம் கோபித்துக்கொள்ள முடியாது. அவன் செங்குட்டுவன் கையைப் பார்த்தான். இருபது வருஷம் இவனிடம் இருந்திருக்கிறாள். தன்னிடம் எட்டு வருஷம்கூட இல்லை. நெட் கூடப் பெரிதில்லை. இந்தக் கதைகளை எந்தக் கடையில் போய் வாங்குவது?

தேன்மொழி தாலிச் சரட்டில் மாட்டியிருந்த ஊக்கு ஒன்றைக் கழற்றிக் கொடுத்தாள். செங்குட்டுவன் பொத்தானைச் சுற்றி மெதுவாகச் சுரண்டினான். மஞ்சள் தூள் மேஜைமேல் கொட்டியது. வாயால் ஊதினான். மற்ற இரண்டு பொட்டையும் தொடவில்லை.

“அதையும் எடுத்துடேன்,” என்றான் குணசேகரன்.

“பாப்பா வச்சது மாமா. கெடக்கட்டும்.”

குணசேகரன் தன் வீட்டுக்கு வந்து கறுப்புப் பெட்டியருகே நின்றான். சந்துக்கு மேலே குரல் வந்தது.

“அமுக்கிட்டேன் மாமா! இங்க வெளக்கு மாறிடுச்சு. நீ அமுக்கு!”

அமுக்கினான். சிவப்பு வேகமாக மினுக்கியது. அணைந்தது. பச்சை வந்தது. நின்று எரிந்தது.

“வந்துச்சா மாமா?”

“வந்துச்சு.” சொல்லிவிட்டு, குரல் போதவில்லை என்று தோன்றி, ஜன்னலுக்குப் போய் மறுபடி சொன்னான். “வந்துடுச்சு செங்குட்டுவா.”

எதிர் ஜன்னலில் அவன் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினான். பிறகு ஜன்னலை விட்டுப் போய்விட்டான். குணசேகரனுக்கு ஜெயித்த மாதிரி இருந்தது. கொஞ்ச நேரம் அப்படித்தான் இருந்தது.

மகிழினி லேப்டாப் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். பூனை வந்தது. வெளியே கன்டெய்னர் வண்டிகளின் இரைச்சல். அவன் பக்கத்தில் உட்கார்ந்தான். படம் நின்று சக்கரம் சுற்றியது. ‘சுத்து, சுத்து’ என்று கத்துவாள் என எதிர்பார்த்தான். அவள் கத்தவில்லை. அவனும் கத்தவில்லை. சக்கரம் சும்மா சுற்றியது. இரண்டு படம் முடிந்ததும் அவளே லேப்டாப்பை மூடினாள், பாவாடையைத் தட்டிவிட்டுக்கொண்டு எழுந்தாள்.

“நான் போறேன்பா.”

“எங்க?”

“நம்ம வூட்டுக்கு.”

“அதான் இங்கயே நெட் வருதே.”

“நெட்டுக்கா போறேன்?” அவன் ஏதோ அசட்டுத்தனமாகப் பேசிவிட்டது போல அவள் பார்த்தாள். “மாமா அம்மா கத சொல்வாரு. தெனம் ஒண்ணு.”

“நான் சொல்ல மாட்டேனா?”

“நீ சொல்லவே மாட்ட. நீ சும்மா குந்திகினு இருப்ப.”

பொய் இல்லை. ஒரு வருஷமாக அவன் இந்த வீட்டில் மதியின் பேரை வாய்விட்டுச் சொன்னதில்லை. சொல்லாமல் இருப்பதுதான் துக்கம் என்று நினைத்திருந்தான். ஊரும் அப்படித்தான் நினைத்து அவனை மெச்சியது. பிள்ளை செருப்பைத் தேடிக்கொண்டிருந்தாள். ஒரு கால் மாட்டியாயிற்று. எதிர்வீட்டில் இன்றைக்கு அடுத்த கதை. டார்ச் லைட்டுக்கு மேல் இன்னொன்று. நாளைக்கு இன்னொன்று. அவன் வாய் திறந்தது. பாசமா என்று கேட்டால், அந்த நிமிஷத்தில் அது முழுக்கப் பொறாமைதான்.

“டார்ச் லைட்டு என்ன பெரிய டார்ச் லைட்டு?” என்றான். “எனக்கு ஹாரன் கத தெரியும்.”

“இன்னா ஹாரன்?”

“உங்கம்மா என் பைக் ஹாரனுக்கு வச்ச பொட்டு.”

செருப்பு ஒன்று காலில், ஒன்று கையில். “பொத்தான் மேலயா?”

“பின்ன? கை படற எடந்தான நெத்தி. நீ பொறக்கறதுக்கு முன்னாடி. ஆயுத பூஜைக்கு மறுநாள் யார்டுக்குக் கெளம்பறேன். மணலி ரோட்டுல எரும ஒண்ணு குறுக்க வந்துச்சு. ஹாரன் அடிச்சேன். எரும போயிடுச்சு. ஹாரன் நிக்கல.”

“நிக்கலயா?”

“உள்ள போன பொத்தான் வெளிய வரல. சந்தனம் புடிச்சிகிச்சு. பேங்ங்ங்னு கத்திகினே போறேன். முன்னாடி ட்ரெய்லர் லாரி வரிசையா நிக்குது. யாரோ மந்திரி வர்றாருன்னு நெனச்சு ஒவ்வொருத்தனும் ஒதுங்கி வழி விடறான். எனக்கு எறங்கி நிறுத்தவும் வெக்கமா இருக்குது. நான் பாட்டுக்கு நடுவுல போறேன். யார்டு கேட்டுல செக்யூரிட்டி அட்டென்ஷன்ல நின்னு சல்யூட் வச்சிட்டான்.”

மகிழினி கத்திச் சிரித்தாள். உட்கார்ந்துவிட்டாள், செருப்போடு. “எப்டிப்பா கத்துச்சு? மறுபடி சொல்லு.”

“பேங்ங்ங்...”

அவன் இந்த வீட்டில் இவ்வளவு சத்தம் போட்டு நாளாகிவிட்டது. எதிர் ஜன்னலில் ஒரு தலை தெரிந்தது. குணசேகரன் அதைப் பார்த்தான். பார்த்துவிட்டு இன்னும் கொஞ்சம் சத்தமாக ஹாரன் அடித்தான்.

“அம்மா இன்னா பண்ணா?”

“சாயங்காலம் வந்து கத்துனேன். அவ அதே நெத்தி பதிலத்தான் சொன்னா. நான் பேங்ங்னு செஞ்சு காட்டுனேன் பாரு, அதுக்கப்புறம் அவளால நிக்க முடியல. அதோ, அந்த அடுப்பங்கர வாசல்லதான் உக்காந்தா. உக்காந்து சிரிச்சா. மொளகாத் தூள் கையோட கண்ணத் தொடச்சிகினா. அப்புறம் ஒரே அழுகை. நான்தான் தண்ணி ஊத்தி வுட்டேன்.”

பிள்ளை அடுப்பங்கரை வாசலைப் பார்த்தாள். அங்கே ஒன்றுமில்லை. ஆனாலும் வெகுநேரம் பார்த்தாள். பிறகு காலில் இருந்த செருப்பைக் கழற்றி, கையிலிருந்ததோடு சேர்த்து ஷூவுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

“இந்தக் கத மாமாக்குத் தெரியுமா?”

“தெரியாது.”

“நான் போயி சொல்லட்டா?”

எதிர் ஜன்னலில் தலை இன்னும் இருந்தது. குணசேகரன் யோசித்தான்.

“சொல்லலாம்,” என்றான். “நாளைக்கு.”